லெஃப்சே கல் முதல் மே 17 ஊர்வலம் வரை: நார்வே வம்சாவளியினரின் கொண்டாட்டங்களில் புதிதாகச் சேர்வோருக்கு

அமெரிக்காவின் மினியாபொலிஸ், ராச்செஸ்டர், மேடிசன், ஃபார்கோ பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்து குடியேறியவர்கள் முதல் ஆண்டிலேயே இதைக் கவனித்துவிடுவார்கள். அக்டோபர் பிறந்ததும் லூத்தரன் தேவாலய வாசல்களில் 'லூட்டஃபிஸ்க் விருந்து' (ஒரு வகை மீன் விருந்து) என்று பலகை வைக்கிறார்கள். நவம்பரில் மளிகைக் கடைக் குளிர்பெட்டியில் சப்பாத்தி மாதிரி 'லெஃப்சே' என்ற ஒன்று மடித்துப் பொட்டலம் கட்டி வந்து இறங்குகிறது. மே மாத நடுவில் சின்ன ஊர்களின் கடைத்தெரு முழுக்கச் சிவப்பில் நீலச் சிலுவை போட்ட கொடிகள். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் 'நாங்கள் நார்வேக்காரர்கள்' என்பார். விசாரித்தால் கப்பலேறி வந்தது அவருடைய பாட்டிக்குப் பாட்டி.

1825 ஜூலை 4 அன்று 'ரெஸ்டவ்ராஷோன்' என்ற சிறிய பாய்மரக் கப்பல் 52 பேரோடு ஸ்டவாங்கரிலிருந்து புறப்பட்டது. அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் 53 பேராகக் கரை சேர்ந்தது. வழியில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர் அளவுக்கு நார்வேயிலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி மேல் மத்திய மேற்கு மாநிலங்களில்தான் நிலம் பிடித்து உட்கார்ந்தது. அவர்கள் கொண்டுவந்த சமையலும் துணியும் பாட்டும் இங்கேயே ஐந்தாறு தலைமுறை வளர்ந்து, இந்த மண்ணுக்குரிய ஒரு மரபாகிவிட்டன.

இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'இன்றைய நார்வேயில் இப்படியெல்லாம் செய்வதில்லையே' என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான், ஆனால் அளவுகோல் அதுவல்ல. உருளைக்கிழங்கு லெஃப்சேயை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வேயில் ஹார்டாங்கர் லெஃப்சே, தடித்த லெஃப்சே, சால்டன் பக்கத்துப் பழுப்புப் பாலாடைக்கட்டி லெஃப்சே என்று ஊருக்கு ஒரு வகை. மினசோட்டாவில் 'லெஃப்சே' என்றால் உருளைக்கிழங்கு லெஃப்சேதான். அதை நகல் என்று பார்த்தால் குறைதான் தெரியும். இங்கே வளர்ந்த சமையல் என்று பார்த்தால் அதற்குள் இருக்கும் கைப்பழக்கம் தெரியும்.

எங்கே போய் நிற்பது

வேடிக்கை பார்க்க விழாவுக்குப் போகலாம், தவறில்லை. ஆனால் இந்த மரபு உயிரோடு இருப்பது மேடையில் அல்ல, தேவாலயத்தின் அடித்தளச் சமையலறையில். விருந்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அங்கே லெஃப்சே சுடும் நாள் என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் சனிக்கிழமை, காலையிலேயே தொடங்கிவிடுவார்கள். வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டதால் கைகளுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். தேவாலய அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து 'லெஃப்சே சுட உதவிக்கு ஆள் வேண்டுமா' என்று கேளுங்கள். நார்வே ரத்தமும் வேண்டாம், லூத்தரனாகவும் இருக்க வேண்டாம்.

இன்னொரு வழி, 1895இல் மினியாபொலிஸில் தொடங்கிய 'சன்ஸ் ஆஃப் நார்வே' சங்கம். நோயிலும் சாவிலும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் காப்பீட்டு அமைப்பாகத் தொடங்கியது. ஊர்தோறும் அதற்குக் கிளைகள் உண்டு. கிளையை 'லாட்ஜ்' என்பார்கள். மொழி வகுப்பு, ரோசமாலிங் எனப்படும் மரச்சாமான் பூவோவியம், ஹார்டாங்கர் பூத்தையல் எல்லாம் பெரும்பாலும் லாட்ஜ்களைச் சுற்றித்தான் நடக்கின்றன. அயோவாவின் டெக்கோரா நகரில் வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகம் இருக்கிறது. 1877இல் லூத்தர் கல்லூரியில் சேர்த்த பொருள்களிலிருந்து வளர்ந்தது. குடியேறியவர்கள் வரும்போது பெட்டி, படுக்கையோடு கொண்டுவந்த மரப்பெட்டிகளின் மேல் எழுதிய பெயரையும் ஆண்டையும் அங்கே நேரில் பார்த்துவிட்டு விழாவுக்குப் போனால், ஊர்வலத்தில் பார்ப்பது எல்லாமே வேறு மாதிரி புரியும்.

லெஃப்சே: செய்முறை

சப்பாத்தி இடத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை தெரியும். மீதிப் பாதியில் சப்பாத்திப் பழக்கமே இடைஞ்சல், ஏனென்றால் இதில் பிசையவே கூடாது.

ஒரு ஈடுக்கு வேண்டியவை: தோல் சீவுவதற்கு முன் சுமார் 1.1 கிலோ ரசெட் உருளைக்கிழங்கு (பிழிந்தபின் 4 கப், ஏறக்குறைய 900 கிராம்), வெண்ணெய் 55 கிராம், கொழுப்பு மிகுந்த கிரீம் 60 மி.லி., சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, மைதா ஒன்றரைக் கப் (190 கிராம்). முட்டை கிடையாது. இதில் 14, 15 லெஃப்சே வரும்.

கிழங்குத் தேர்விலேயே பாதிப் பேர் சறுக்குகிறார்கள். சிவப்புத் தோல் கிழங்கும் புதுக்கிழங்கும் ஈரம் மிகுந்தவை, மாவுச்சத்து குறைந்தவை. மாவு பசைபோல இழுக்கும். ரசெட்தான் வேகும்போது பொலபொலவென்று உதிரும். அதிலும் சேமிப்பில் கொஞ்ச நாள் இருந்த கிழங்கு இன்னும் நல்லது.

தோல் சீவி, ஒரே அளவாக வெட்டி வேகவையுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்கியதும் தண்ணீரை வடித்துவிட்டு, வெறும் பாத்திரத்தை மெல்லிய தீயில் ஒரு நிமிடம் குலுக்கி ஈரத்தை விரட்டுங்கள். அடுத்தது பிழிவது. இங்கே 'ரைசர்' என்ற கருவியில் பிழிகிறார்கள். வீட்டில் தேன்குழல் அச்சு இருந்தால் அதுவே போதும். சூடாக இருக்கும்போதே பிழிய வேண்டும், இரண்டு முறை பிழிய வேண்டும். ஒரு சின்னக் கட்டி தங்கினாலும், இடும்போது அந்த இடத்தில்தான் கிழியும். மிக்சியில் அடிக்கவே கூடாது. மாவுச்சத்து உடைந்து கோந்தாகிவிடும்.

சூடு ஆறுவதற்குள் வெண்ணெய், கிரீம், சர்க்கரை, உப்பு சேர்த்துக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஆவி முழுக்க அடங்கிய பிறகு மெல்லிய துணி போட்டுக் குளிர்பெட்டியில் ஒரு இரவு வைக்க வேண்டும். இறுக்கமான மூடி போட்டால் உள்ளே வியர்த்து, அந்த நீரெல்லாம் மாவுக்குள் இறங்கும்.

மறுநாள் சுடப்போகும் நேரத்தில்தான் மைதா சேர்க்க வேண்டும். மைதா பட்டதும் கிழங்கிலுள்ள ஈரம் வெளியே வரத் தொடங்கும். அரை மணி நேரத்தில் மாவு கையில் ஒட்டும். இன்னும் கொஞ்சம் மைதா போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். போட்டால் லெஃப்சே தோல்போல விறைத்துவிடும். ஆகவே நாலு கப் கிழங்கை இரண்டு பங்காகப் பிரித்து, முதல் பங்கைச் சுட்டு முடித்த பிறகே இரண்டாவதில் மைதா கலக்குங்கள். கலப்பதும் மாவு ஒன்றுசேரும் வரைக்கும்தான். மூன்றில் ஒரு கப் அளவு (80 கிராம்) உருண்டைகளாக உருட்டி, விரிசல் இல்லாமல் விளிம்பைத் தட்டி வடைபோலச் சப்பையாக்கி, திரும்பக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துத்தான் இட வேண்டும். விளிம்பில் இப்போது இருக்கும் விரிசல்தான் பிறகு லெஃப்சேயின் ஓரத்தில் கிழிசலாக நிற்கும்.

இதற்கென்றே வட்டப் பலகை உண்டு. மேலே துணி இறுக்கிக் கட்டியிருக்கும். உருட்டுக் கட்டையில் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும், அதற்கும் உறைபோலத் துணி மாட்டியிருப்பார்கள். அந்தத் துணிக்குள் மைதாவைத் தேய்த்து ஏற்றுவதுதான் ரகசியம். மாவின்மேல் தூவுகிற மைதா சுடும்போது கருகும்; துணிக்குள் ஏறிய மைதா ஒட்டாமல் காக்கும். நடுவிலிருந்து வெளியே, எடையே போடாமல் உருட்டுங்கள். முதல் நாலைந்து உருட்டலுக்குள் ஒரு முறை திருப்பிப் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் மெலிந்தால் திருப்ப முடியாது. 12 முதல் 14 அங்குல அகலம் வரும்போது பலகைத் துணியில் அச்சிட்ட வட்டக் கோடுகள் மாவுக்குக் கீழே மங்கலாகத் தெரிய வேண்டும்.

எடுக்கக் கைகளைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டடி நீளத்துக்குத் தட்டையாகச் செதுக்கிய ஒரு குச்சி இருக்கும். அதை மாவின் நடுவில் அடியாக நுழைத்துத் தூக்கினால் துணி காயப்போட்ட மாதிரி இரண்டு பக்கமும் தொங்கும். கல்லின் நடுவில் ஒரு பாதியை இறக்கி, குச்சியைச் சுழற்றி மறு பாதியை விரியுங்கள். கல் 500 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (260 செல்சியஸ்) இருக்க வேண்டும், எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது. மேலே குமிழ் எழும்பி, கீழே பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் திருப்புங்கள். பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். கல் சூடு பத்தாமல் நின்றால் புள்ளி விழக் காத்திருந்தே லெஃப்சே காய்ந்து அப்பளமாகும். இரண்டு மூன்று சுட்டதும் கல்லில் தங்கிய மைதாவைத் துணியால் துடைத்துவிடுங்கள். கருகிய மைதாவின் கசப்பு அடுத்த எல்லாவற்றிலும் ஏறும்.

சுட்டதை ஒன்றின்மேல் ஒன்றாகப் பருத்தித் துண்டுக்கு நடுவில் அடுக்கி மூடுங்கள். அதன் ஆவியே அதை மெத்தென்று ஆக்கும். ஓரம் மொறுமொறுப்பாக வந்துவிட்டதே என்று முதல் லெஃப்சேயைத் தூக்கிப் போடாதீர்கள். துண்டுக்குள் பத்து நிமிடம் இருந்தால் மடியும். முழுக்க ஆறிய பிறகு கால்வாசியாக மடித்துப் பையிலிட்டு உறைபெட்டியில் வைத்தால் கிறிஸ்துமஸ் வரை தாங்கும். சூட்டோடு கட்டினால் பூஞ்சணம்.

கூட்டமாகச் செய்யும்போது கணக்கு இது: 30 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 60, அதாவது நாலு ஈடு, நாலரைக் கிலோ கிழங்கு. ஒரு கல்லுக்கு மணிக்கு 20, 25 வரும். இடுவதற்கு இரண்டு பேர், சுடுவதற்கு ஒருவர், அடுக்க ஒருவர். இன்னொன்று, பழைய தேவாலயங்களில் தவறாமல் நடப்பது: மின்சார லெஃப்சே கல் ஒன்று சுமார் 1400 வாட் இழுக்கும். 15 ஆம்பியர் சுற்று அதிகபட்சம் 1800 வாட்தான் தாங்கும். பக்கத்துப் பக்கத்து பிளக்கில் இரண்டு கல்லைச் செருகினால் பிரேக்கர் விழுந்துவிடும். காபி இயந்திரமும் அதே சுற்றில் இருந்தால் ஒரு கல்லுக்கே விழும். எந்தப் பிளக் எந்தச் சுற்று என்பதை முந்தின நாளே பார்த்து, கல்லுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

தின்பது எளிது. வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி, சுருட்டி வாயில். பழுப்புச் சர்க்கரையா வெள்ளைச் சர்க்கரையா என்பது அந்தந்தக் குடும்ப வழக்கம்.

லூட்டஃபிஸ்க் விருந்து

நார்வேயின் லோஃபோத்தன் தீவுகளில் குளிர்கால முடிவில் காட் மீனை மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காற்றிலேயே காயவைக்கிறார்கள். உப்புக்கூடப் போடுவதில்லை. நம் கருவாட்டைவிடக் கடினமாக, விறகுபோல ஆகும். அதைப் பல நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு காரநீரில் (காஸ்டிக் சோடா போன்ற காரம் கலந்த நீர்) இரண்டு நாள் போட்டால் தசை நாரெல்லாம் தளர்ந்து உப்பி, கண்ணாடிபோல ஆகிறது. திரும்பப் பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் காரத்தை வெளியேற்ற வேண்டும். அதுதான் லூட்டஃபிஸ்க், 'லூட்' என்றால் காரநீர். காரத்தில் அதிகம் கிடந்தால் மீனின் கொழுப்பே சவுக்காரமாகிவிடும். இந்தப் பகுதியை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கடையில் ஊறவைத்துத் தயாராகவே கிடைக்கும். மினியாபொலிஸின் ஓல்சன் நிறுவனம் இதற்குப் பெயர்போனது.

விருந்துகள் அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. சீட்டு வாங்கியதும் ஒரு எண் தருவார்கள். ஆராதனைக் கூடத்து இருக்கைகளில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், யாராவது பியானோ வாசிப்பார்கள், எண்ணைக் கூப்பிட்டதும் கீழே இறங்கிப் போக வேண்டும். சில இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். குழந்தைகளோடு போகிறவர்கள் கதவு திறக்கிற நேரத்துக்கே போய்விடுவது நல்லது. கீழே நீண்ட மேசைகள். முன்பின் தெரியாதவர்களோடுதான் உட்கார வைப்பார்கள். பாத்திரங்கள் கைமாறி வரும். உங்களுக்குப் பரிமாறிக்கொண்ட பின் அடுத்தவரிடம் நகர்த்துங்கள். நடுவில் வைத்துவிட்டால் கடைசி ஆளுக்குப் போகாது. மீனும் லெஃப்சேயும் தீர்ந்தால் கிண்ணத்தை உயர்த்திக் காட்டுங்கள், நிரப்பிக் கொண்டுவருவார்கள்.

மீனின் மேல் உருக்கிய வெண்ணெய் என்றால் நார்வே வழி, வெள்ளைக் கிரீம் சாறு என்றால் ஸ்வீடன் வழி என்பார்கள். பல மேசைகளில் இரண்டும் இருக்கும். முதல் முறை என்றால் இரண்டு மேசைக்கரண்டி மீன் போதும். உருக்கிய வெண்ணெய் தாராளமாக, உப்பு, மிளகு, ஒரு துண்டு உருளைக்கிழங்கு. எல்லாவற்றையும் சேர்த்து லெஃப்சேக்குள் வைத்துச் சுருட்டுங்கள். தனியாகத் தின்றால் வழுவழுப்புதான் முன்னே நிற்கும். சுருளுக்குள் அது நெய்யோடு கலந்து போய்விடும். மீன் வேண்டாதவர்களுக்கு இறைச்சி உருண்டை இருக்கும், பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்தது. கேட்டுவிட்டு எடுங்கள். சைவக்காரர்களுக்கு லெஃப்சே, வேகவைத்த உருளைக்கிழங்கு, பட்டாணி, மஞ்சள் டர்னிப் மசியல், கிரான்பெரி இருக்கும். பழுப்பு நிறக் குழம்பு இறைச்சிச் சாறு, அதைத் தவிருங்கள். குரும்காக்கெ என்ற கூம்பு வடிவ மொறுமொறுப்பில் முட்டை உண்டு.

வீட்டில் செய்து பார்க்க நினைத்தால்: ஒருவருக்கு அரைக் கிலோவாவது வாங்குங்கள், தண்ணீர் விட்டுச் சுருங்கிவிடும். கண்ணாடி அல்லது பீங்கான் தட்டில் தோல் கீழே இருக்குமாறு வைத்து, கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புத் தூவி, தண்ணீரே விடாமல் மூடி, 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (190 செல்சியஸ்) அரை மணி நேரம். இருபத்தைந்தாம் நிமிடத்திலிருந்து முள்கரண்டியால் தொட்டுப் பாருங்கள். இதழ் இதழாகப் பிரிந்தால் எடுத்துவிட வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் தட்டில் கூழ்தான் மிஞ்சும். லூட்டஃபிஸ்க் என்றாலே கூழ்தான் என்ற பழைய கிண்டல்கள் எல்லாம் இந்த ஐந்து நிமிடத்தால் வந்தவை; சரியாக வெந்த மீனுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அலுமினியப் பாத்திரம் கூடாது, கறுத்துப் போகும். வெள்ளிக் கரண்டியும் அப்படியே.

மே 17

நார்வேயின் அரசியலமைப்பு ஐட்ஸ்வோல் என்ற ஊரில் 1814 மே 17 அன்று கையெழுத்தானது. இதைச் 'சுதந்திர தினம்' என்று துண்டறிக்கையில் அச்சிடாதீர்கள். அந்த ஆண்டிலேயே நார்வே ஸ்வீடனோடு இணைக்கப்பட்டது, தனியானது 1905இல்தான். இந்த நாளின் நார்வே மொழிப் பெயரான 'சித்தெண்டெ மாய்' என்றால் 'மே பதினேழு' என்று மட்டுமே பொருள். வாழ்த்து: 'கிராட்டுலேரர் மெ டாகன்'.

நார்வேயில் அன்று பிள்ளைகள் ஊர்வலம்தான் நடுநாயகம். ஒஸ்லோவில் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளும் தங்கள் பள்ளியோடு அரண்மனை முன் நடக்கிறார்கள். அமெரிக்காவில் ஊருக்கு ஒரு முறை. சியாட்டிலின் பல்லார்டில் அன்றைக்கே ஊர்வலம். விஸ்கான்சினின் ஸ்டவ்டனிலும் வெஸ்ட்பியிலும், மினசோட்டாவின் ஸ்பிரிங் குரோவிலும் ஒட்டிய வாரக் கடைசியில். புரூக்ளினின் பே ரிட்ஜில் ஞாயிற்றுக்கிழமை. ஆண்டுதோறும் தேதி நகரும், புறப்படும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டவ்டனில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் நார்வே நடனக் குழு ஆடும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். அந்தக் குழு 1953 முதல் இருக்கிறது. ஒருவன் கம்பின் நுனியில் தொப்பியை உயரத் தூக்கிக் காட்ட, இன்னொருவன் எகிறி அதை உதைத்து விழச்செய்யும் 'ஹாலிங்' நடனம் கூட்டத்தை நிமிர வைக்கும்.

உங்கள் பள்ளியிலோ நூலகத்திலோ சிறிய ஊர்வலம் நடத்துவதென்றால் கொடியிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் வரையும் கொடியில் சிலுவை பெரும்பாலும் நடுவில் விழுந்துவிடும். 22 செ.மீ. நீளம், 16 செ.மீ. உயரத்துக்குத் தாளை வெட்டுங்கள். நீளவாக்கில் இடமிருந்து 6 சிவப்பு, 1 வெள்ளை, 2 நீலம், 1 வெள்ளை, 12 சிவப்பு. உயரவாக்கில் 6, 1, 2, 1, 6. செ.மீ. கணக்கில் கோடு போட்டுக் கொடுத்தால் ஆறு வயதுப் பிள்ளையும் சரியாக வண்ணம் தீட்டிவிடும். இரண்டு நாட்டுக் கொடியையும் கம்பத்தில் ஏற்றினால், தனித்தனிக் கம்பம், ஒரே உயரம், ஒரே அளவு. பார்ப்பவருக்கு இடப்பக்கத்தில் அமெரிக்கக் கொடி வர வேண்டும். கொடி தரையில் படக்கூடாது; நடக்கும் பிள்ளைகளுக்குக் கையடக்கக் குச்சிக்கொடி கொடுங்கள், பெரிய கொடியைப் பெரியவர்கள் பிடிக்கட்டும்.

வீதியில் போவதென்றால் நகராட்சி அனுமதிக்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நடைபாதையிலும் பூங்காவிலும் நடத்தினால் பல ஊர்களில் சிக்கல் குறைவு. பிள்ளைகள் முன்னே, வாத்தியம் அவர்களுக்கு அடுத்து, வண்டிகள் கடைசியில். வண்டி முன்னால் போனால் புகையில் பிள்ளைகள் நடப்பார்கள், வேகமும் வண்டியின் வேகமாகிவிடும். அரை மைலுக்கு மேல் வேண்டாம். முடிகிற இடத்தில் ஐஸ்கிரீம் இருக்கட்டும். நார்வேயிலும் அன்று பிள்ளைகளுக்குக் கேட்ட அளவு ஐஸ்கிரீம் உண்டு. நார்வே நாட்டுப் பண்ணில் எட்டுச் சரணங்கள் இருந்தாலும் வழக்கமாக முதலாவதும் கடைசி இரண்டும்தான் பாடுவார்கள். உச்சரிப்பைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி அச்சிட்டுக் கொடுத்தால் கூட்டம் சேர்ந்து பாடும், இல்லாவிட்டால் நாலு பேர் குரல்தான் கேட்கும்.

உடை

பூனாட் என்பது வட்டாரம்தோறும் மாறும் விழா உடை. நூல் வேலை, நிறம், வெள்ளிப் பொத்தான் எல்லாம் எந்தப் பள்ளத்தாக்கு என்று சொல்லிவிடும். நம் பட்டுப்புடவையைவிடப் பல மடங்கு விலை, தாயிடமிருந்து மகளுக்குப் போவது. தொட்டுப் பார்க்க ஆசை வந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். 'இது எந்த ஊர்ப் பூனாட்' என்று கேட்பதைவிட அவர்களுக்கு மகிழ்ச்சியான கேள்வி இல்லை. அணிபவர்கள் கறுப்புக் கண்ணாடி போடுவதில்லை, விளையாட்டுக் காலணி போடுவதில்லை, 'சோல்யெ' என்ற வெள்ளி ஊசிப்பதக்கம் தவிர வேறு நகை அதிகம் சேர்ப்பதில்லை. ஒரு வட்டாரப் பாவாடைக்கு இன்னொரு வட்டார மேலங்கி கலப்பது பெரிய பிழை.

வம்சாவளி இல்லாதவர்கள் பூனாட் வாங்கத் தேவையில்லை. உங்கள் வழியில் நல்ல உடை உடுத்திக்கொண்டு, சிவப்பு வெள்ளை நீல நாடா முடிச்சொன்றை இடப்பக்க நெஞ்சில் குத்திக்கொள்ளுங்கள். பட்டுப்புடவையில் அந்த முடிச்சைக் குத்திக்கொண்டு போனால் யாரும் தவறாக எடுப்பதில்லை. கொம்பு வைத்த பிளாஸ்டிக் தலைக்கவசம் மட்டும் வேண்டாம். வைக்கிங்குகள் அப்படி அணிந்ததே இல்லை. 19ஆம் நூற்றாண்டு இசை நாடக மேடை தந்த கற்பனை அது. அழகாக இருக்கிறதே என்று இணையத்திலிருந்து ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகளை எடுத்துப் பதாகையில் போடாதீர்கள். 'ஓதல்' ரூன் போன்ற சிலவற்றை நாஜிகளும் இன்றைய வெள்ளை இனவெறிக் குழுக்களும் சின்னமாக்கியிருக்கிறார்கள். விழாவின் நல்லெண்ணம் ஒரு சின்னத்தால் கெட்டுவிடும்.

வரலாற்றுப் பலகை வைப்பவர்களுக்கும் ஒன்று. 'யாருமில்லாத புல்வெளியைத் திருத்தினார்கள்' என்று எழுத வேண்டாம். அது டக்கோட்டா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். இலவச நிலம் தரும் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்த 1862ஆம் ஆண்டில்தான் மினசோட்டாவில் டக்கோட்டா போர் நடந்தது. டிசம்பர் 26 அன்று மன்காட்டோவில் 38 டக்கோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். குடியேறியவர்களின் உழைப்பைப் பற்றிச் சொல்லும் அதே பலகையில் இதற்கும் இடம் வேண்டும்.

பாட்டியின் ஊரைத் தேடித்தர

நண்பர் குடும்பத்தின் வேரைத் தேட உதவுவது நீங்கள் தரக்கூடிய நல்ல பரிசு. தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். ஓலெ ஹான்சன் பாக்கன் என்றால் ஓலெ, ஹான்ஸின் மகன், பாக்கன் பண்ணைக்காரர்: பெயர், தந்தை பெயர், ஊர்ப்பெயர். அவருடைய மகள் மாரி, மாரி ஓல்ஸ்டாட்டர். பண்ணை மாறினால் கடைசிப் பெயரும் மாறும். நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய சட்டம் 1923இல்தான் வந்தது. ஆகவே கடைசிப் பெயரை வைத்துத் தேடினால் திசை தப்பும். முதல் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், தேவாலயப் பங்கு (திருச்சபை வட்டாரம்): இந்த நாலும் வேண்டும்.

பங்கின் பெயர் பெரும்பாலும் அமெரிக்கப் பக்கத்து லூத்தரன் தேவாலயப் பதிவேட்டிலேயே இருக்கும். முதலில் அங்கே கேளுங்கள். குடும்பத்தார் 'பெர்கன்' என்றோ 'கிறிஸ்டியானியா' (ஒஸ்லோவின் பழைய பெயர்) என்றோ சொன்னால் அப்படியே நம்பாதீர்கள், அது கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாம். வட்டாரம் தெரிந்துவிட்டால், அந்த வட்டாரத்து வம்சாவளியினர் கூடும் 'பிக்டெலாக்' என்ற அமைப்பு பெரும்பாலும் இருக்கும். அவர்களிடம் பண்ணை வாரியான ஊர் வரலாற்று நூல்கள் உண்டு.

பிறகு நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிகிட்டால் ஆர்கிவெட்' தளம். பங்குப் பதிவேடுகளின் பக்கங்களைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். æ, ø, å எழுத்துகள் அவர்கள் அகரவரிசையில் கடைசியில் வரும். பட்டியலில் காணோம் என்றால் அங்கே பாருங்கள். கையெழுத்து மிரட்டும், ஆனால் தலைப்புச் சொற்கள் சிலதான். 'ஃபோட்' பிறந்தவர், 'டோப்ட்' ஞானஸ்நானம் பெற்றவர், 'வீட்' மணமானவர், 'டோட்' இறந்தவர். 'ஊத்ஃப்ளித்தெட்' என்ற பகுதி, பங்கை விட்டு வெளியேறியவர்கள் பட்டியல். பெயர், வயது, தேதி எழுதி, போகும் இடம் என்ற கட்டத்துக்கு வந்தால் பக்கம் பக்கமாக ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்: அமெரிக்கா.